கறுப்புத் தாங்கியின் திறப்பு

மொன்றியலுக்கு அகதியாய் வந்திறங்குகிற தமிழரை வரவேற்பதற்கென்று எண்பத்தாறாம் ஆண்டு தொடங்கப்பட்ட நல்வரவு ஒன்றியம், முதல் ஒன்றரை வருடத்தில் இரண்டு பேரை வரவேற்றது. ஒருவர் அதன் தலைவர், மற்றவர் அதன் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவரைச் செயலாளர் வரவேற்றார். பதிலுக்குச் செயலாளரைத் தலைவர் வரவேற்றார். பிறகு வடை.

தலைவர் குணரத்தினம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். மொன்றியலில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிற மெஷினில் வேலை செய்தார். மெஷின் தற்காலிகம், கச்சேரிதான் நிரந்தரம் என்பது அவருடைய எண்ணம். செயலாளர் நகுலேஸ்வரன் எதையும் குறித்துக்கொள்கிறவர். குறித்ததை அவர் திரும்ப வாசித்ததாகத் தகவல் இல்லை.

எண்பத்தேழு ஆவணியில் ஒன்றியத்துக்கு ஒரு சொத்துக் கிடைத்தது. அஹுன்ட்சிக் பக்கம் வாகனத் திருத்தகம் வைத்திருந்த மெஸ்யூ ஜெரார், மனைவி இறந்த பிறகு தான் பாவிக்காமல் விட்டிருந்த பழைய ட்ரெய்லரை ஒன்றியத்துக்குக் கொடுத்தார். வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போகிற சக்கர வீடு அது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குளிக்க ஒரு மூலை, ஒரு கக்கூஸ். திருத்தகத்தின் பின்வளவிலேயே அது நிற்கட்டும், கரண்டும் தான் தருகிறேன், வீடில்லாத ஒரு குடும்பத்தை இருத்துங்கள் என்றார்.

அவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினார். ட்ரெய்லருக்கு அடியில் இரண்டு தாங்கிகள் இருக்கின்றன. கக்கூஸில் போவது கறுப்புத் தாங்கிக்குள் விழும். குசினித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் சாம்பல் தாங்கிக்குள் போகும். ஆறடி தள்ளி நிலத்தில் சாக்கடைக் குழாயின் வாய் இருக்கிறது. ஓசுக் குழாயின் ஒரு முனையை ட்ரெய்லரில் பூட்டி, மற்ற முனையை அந்த வாய்க்குள் விட்டு, முதலில் கறுப்பின் கைபிடியை இழுக்க வேண்டும். அது ஓடி முடிந்த பிறகு சாம்பலை இழுத்தால் சவர்க்காரத் தண்ணீர் ஓசைக் கழுவிக்கொண்டு போகும். வாரத்துக்கு ஒருக்கால், பத்து நிமிட வேலை. உள்ளே சுவரில், தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற சிவப்பு வெளிச்சங்கள் உண்டு. அவை பத்து வருடமாக எரிவதில்லை, அவற்றைப் பார்க்க வேண்டாம்.

நகுலேஸ்வரன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். குறிப்பு கோப்புக்குப் போனது. கோப்பு ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் தலைவர் வீட்டு அலுமாரிக்குப் போனது.

அந்த வீட்டுக்குத் தெரிவானவர்கள் ஆனந்தராசாவும் மனோகரியும். ஆனந்தராசா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மனோகரி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒரு தேவாலயத்தின் நிலவறையில், பதினெட்டுப் பேரோடு, துணியால் மறைத்த ஒரு மூலையில் ஆறு கிழமை படுத்து எழும்பியவர்கள். கதவு உள்ள வீடு என்றதும் மனோகரி அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் புகைப்படம் எடுத்து ஒன்றியம் தன் செய்தி மடலின் முன்பக்கத்தில் போட்டது. படத்தில் தலைவர் நாடா வெட்டுகிறார். அவள் ஓரத்தில் பாதி தெரிகிறாள்.

நாடா வெட்டியதும் நாற்பத்தொரு விதிகள் அடங்கிய தாள் ஒன்றில் ஆனந்தராசா கையெழுத்து வைத்தான். பத்தொன்பதாம் விதியின்படி ஒன்றியத்தின் சொத்தான குழாய், கைபிடி, வால்வு எதையும் குடியிருப்போர் தொடக்கூடாது. தொட்டால் வெளியேற வேண்டும்; அதோடு, அவர்களுடைய அகதி விசாரணைக்கு ஒன்றியம் கொடுக்கவிருக்கும் சிபாரிசுக் கடிதமும் கிடையாது. அந்தக் கடிதம் இல்லாமல் இந்த நாட்டில் ஒருவரும் தப்பியதில்லை என்று செயலாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்த நாள் இரண்டு கைபிடிகளையும் மூடி ஒரு மரப்பெட்டி அடித்து, அதில் ஆமைப்பூட்டு ஒன்றைக் கொளுவினார்கள். பூட்டின் திறப்பும் புரோசார்ட்டுக்குப் போனது.

இரண்டாவது கிழமை, குளித்த தண்ணீர் போகாமல் கணுக்கால் மட்டத்துக்கு நின்றது. மூன்றாவது கிழமை கக்கூஸ் நிரம்பியது. ஆனந்தராசா தெருமுனையில் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்குப் போய், அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் செயலாளரைக் கூப்பிட்டான். வாய்முறைப்பாடு ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது, எழுத்தில் தரவேண்டும் என்றார் செயலாளர்.

ஆனந்தராசா எழுதினான். கக்கூஸ் நிரம்பிவிட்டது, திறப்பைத் தாருங்கள், நானே திறந்துவிடுகிறேன் என்று இரண்டு வரி. கடிதம் திரும்பி வந்தது. நிர்வாகசபையில் பெண்களும் இருப்பதால் அந்தச் சொல்லை வாசிக்க முடியாது என்று செயலாளர் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார். (சபையில் பெண்கள் இல்லை, தேத்தண்ணி கொண்டுவருகிற தலைவரின் மனைவியை அவர் சொல்லியிருக்க வேண்டும்.) ஆனந்தராசா மலசலகூடம் என்று மாற்றினான். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை செயலாளரே இரங்கி, ‘இயற்கைக் கடன் சேகரிப்புக் கலம் நிறைவெய்தியுள்ளமை தொடர்பாக’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழின் மானம் காப்பாற்றப்பட்டதில் ஒன்பது நாள் கழிந்திருந்தது.

திருத்தகத்தில் ஆட்களுக்கென்று இருந்தது கதவில்லாத ஒரு மூலைதான்; அதனால் அந்த ஒன்பது நாளும் மனோகரி நாலு தெரு தள்ளியிருந்த டோனட் கடைக்கு நடந்துபோய் வந்தாள். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பொழுதுபடுகிற நேரம் ஒருதரம். கர்ப்பிணிக்கு அது போதாது. கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் கழிப்பறைத் திறப்பை எடுத்து நீட்டுவாள். ஐப்பசி மாதக் குளிரில், பாதி வழியில் நின்று ஒரு தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப நடப்பாள். ஒருநாள் ஆனந்தராசா மெஸ்யூ ஜெராரின் திருத்தகத்திலிருந்து ஒரு சுத்தியலோடு வந்து மரப்பெட்டிக்கு முன்னால் குந்தினான். மனோகரி அவனுடைய தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"கடிதத்தைத் தரமாட்டினம் எண்டால் என்ன செய்யிறது? திருப்பி அனுப்பினால் பிள்ளையை எங்கை பெறுறது? நான் நடக்கிறன். எனக்கு ஏலும்."

அவன் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தான்.

முறைப்பாட்டை ஆராய மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் வந்தது. தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்து, சுவரில் இருந்த வெளிச்சங்களைப் பார்த்தார். எரியவில்லை. நிரம்பியிருந்தால் சிவப்பு எரிய வேண்டும், எரியாதபடியால் தாங்கி வெறுமையாக இருக்கிறது என்றார். ஆனந்தராசா கக்கூஸின் மூடியைத் திறந்து காட்டினான். தலைவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணால் காண்பது ஒருவருக்கொருவர் வித்தியாசப்படும், கருவிக்குப் பாரபட்சம் இல்லை என்று அவர் விளங்கப்படுத்தினார். தாங்கி வெறுமையாக உள்ளதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செயலாளர் மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே மற்றக் கையால் குறித்துக்கொண்டார்.

அன்று மணம் வளவைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மெஸ்யூ ஜெரார் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். தலைவருக்குப் பிரெஞ்சு விளங்காவிட்டாலும் தொனி விளங்கியது. உடனே ஆனந்தராசாவையும் கூப்பிட்டு ஒரு அவசரக் கூட்டம் வைத்தார்கள்.

தாங்கியைத் திறக்க வேண்டும் என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. யார் திறப்பது என்பதுதான் கேள்வி. ஆனந்தராசா தானே திறப்பதாகச் சொன்னான். அது விதிக்கு முரண் என்றார் செயலாளர். குடியிருப்பவர் தொடக்கூடாது, ஒன்றியத்தின் ஆள்தான் தொடலாம். அப்படியென்றால் ஒன்றியத்தின் ஆள் ஒருவர் தொடட்டும் என்றான் ஆனந்தராசா. எல்லாரும் தங்கள் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்கள். தலைவர் எழுந்தார்.

"நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்த ஆக்கள்," என்றார். "வீடு போச்சு, வளவு போச்சு, உத்தியோகம் போச்சு. கடைசியிலை கையிலை மிஞ்சினது நாங்கள் ஆர் எண்டது ஒண்டுதான். அதையும் உந்தக் குழாய்க்குள்ளை ஊத்தச் சொல்லுறியளோ?"

கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைவர் வழிமுறையைச் சொன்னார். ஊரில் இந்த வேலைக்கென்று ஆட்கள் இருந்தார்கள். குண்டு விழும்போது அது ஆள் பார்த்து விழவில்லை. ஆகவே அவர்களிலும் சிலர் மொன்றியலுக்கு வந்திருக்கத்தான் வேண்டும். அவர்களைக் கண்டுபிடித்துப் பொறுப்பைக் கொடுப்பதுதான் முறை. அதற்காகக் கழிவுநீர்ப் பரிபாலன உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழு ஒரு படிவம் தயாரித்தது. புதிதாய் வந்தவர்களுடைய குறிச்சி, ஒழுங்கை, தகப்பனின் தொழில், பாட்டனின் தொழில், சாமி கும்பிட்ட கோயில், அங்கே எந்த இடத்தில் நின்று கும்பிட்டது என்பன அதில் கேட்கப்பட்டிருந்தன. அறுபது படிவம் அனுப்பினார்கள். நிரப்பி வந்த எல்லாவற்றிலும் எல்லாருடைய பாட்டன்மாரும் ஊரை ஆண்ட உடையார்களாகவும் மணியகாரர்களாகவும் இருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் உபகுழு ஆனந்தராசாவையே நேர்முகத்துக்கு அழைத்தது. தலைவர் அன்பாக ஒரு கதிரையைக் காட்டினார்.

"நீர் திருகோணமலையிலை எந்தப் பக்கம், தம்பி?"

"உவர்மலை."

"உவர்மலையிலை ஆக்கள் கலந்தெல்லோ இருக்கினம். தேப்பனார் என்ன செய்தவர்?"

"தபால் கந்தோரிலை வேலை."

"அவற்றை தேப்பனார்?"

"நான் காணேல்லை. அப்பா பிறக்க முதலே செத்துப்போனார்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் படிவத்தைப் பார்த்தார். தலைவர் இன்னும் கொஞ்சம் முன்னால் சரிந்தார்.

"சரி, விடும். உங்கடை வீட்டாக்கள் ஆரின்ரை கிணத்திலை தண்ணி அள்ளினவை?"

"எங்கடை வீட்டிலை பைப் இருந்தது."

இதற்கு அடுத்து என்ன கேட்பதென்று படிவத்தில் இல்லை. ஆனந்தராசாவுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அவன் செயலாளருக்கு முன்னால் இருந்த படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"கக்கூஸ் கழுவுற சாதியோ எண்டு கேட்க வேணும். நேரை கேளுங்கோவன், ஐயா."

தலைவர் உண்மையாகவே புண்பட்டார்.

"சீச்சீ, அப்பிடி நேரை கேக்கிற ஆளில்லை நான். இந்த நாட்டிலை சாதி பேசக்கூடாது. அதாலைதானே இவ்வளவு சுத்தி வளைச்சுக் கேக்கிறன்."

ஆனந்தராசா எழுந்து வந்தான். விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை என்று பதியப்பட்டது.

கார்த்திகையில் ஒன்றியத்துக்கு ஒரு கௌரவம் வந்தது. அகதிகள் எப்படித் தங்கவைக்கப்படுகிறார்கள் என்று அறிக்கை எழுதுகிற அரச அலுவலகமொன்றிலிருந்து மதாம் லப்புவாந் என்கிற அதிகாரி, ட்ரெய்லரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். உபகுழுக்கள் ஏழு உருவாகின. வரவேற்பு, மேடை, மாலை, வடை, புகைப்படம், மொழிபெயர்ப்பு, மணம். மணத்துக்கான உபகுழு இரண்டு பெட்டி ஊதுபத்தியும் சாம்பிராணியும் வாங்கிவந்து ட்ரெய்லருக்குள் கொளுத்தியது. கக்கூஸ் கதவின் மேல், கைகூப்பிய சின்னத்தோடு ‘நல்வரவு’ என்று எழுதிய பட்டுப் பதாகையைத் தொங்கவிட்டார்கள். அதிகாரியோடு கதைக்க வேண்டாம், சிரித்தால் போதும், மிச்சத்தைத் தலைவர் மொழிபெயர்ப்பார் என்று மனோகரிக்குச் சொல்லப்பட்டது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். புகையில் இருமி இருமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, படியில் குந்திவிட்டாள்.

மதாம் லப்புவாந் கியூபெக் நகரத்திலிருந்து மூன்று மணித்தியாலம் தானே கார் ஓட்டி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான, சுறுசுறுப்பான பெண். மாலையை ஏற்றுக்கொண்டார், வடையை ஏற்றுக்கொண்டார், பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டார்.

ஏழு உபகுழுக்களும் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. அது ஒன்றியத்தின் யாப்பு விதிகளின்படி பரிசீலனையில் இருக்கிறது என்று தலைவர் ஆங்கிலத்தில் சொன்னார். மதாம் பதாகையை ஒரு கையால் விலக்கிக் கதவைத் திறந்தார். உடனே மூடினார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு நாள்தான் என்று தலைவர் தொடங்கினார்.

மனோகரி படியில் இருந்தபடியே நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பத்தாறு நாள். தான் நாலு தெரு தள்ளிப் போய்வருவதாகவும், கைபிடியைப் பூட்டி வைத்திருப்பதாகவும், திறப்பு இன்னொரு ஊரில் ஒரு அலுமாரியில் இருப்பதாகவும் சொன்னாள். தாங்கள் யாருக்குப் பிறந்தோம் என்று இன்னும் முடிவாகாததால்தான் தாமதம் என்றும் சொன்னாள். கடைசி விஷயம் மதாமுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் விளங்கவில்லை.

ஆனந்தராசா திருத்தகத்துக்குப் போய் ஒரு இரும்பு வெட்டியோடு வந்தான். தலைவர் பத்தொன்பதாம் விதி என்றார். ஆனந்தராசா மனோகரியைப் பார்த்தான். அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள். ஆமைப்பூட்டு ஒரே அழுத்தில் விழுந்தது.

அவன் ஓசுக் குழாயைப் பூட்டி நிமிர்ந்தபோது மதாம் லப்புவாந் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கோட்டோடு உறைபனியில் முழந்தாளிட்டிருந்தார். ஓசின் மற்ற முனையைச் சாக்கடை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தன்னிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, இருபது வருடமாக ஒவ்வொரு கோடையும் தான்தான் இதைச் செய்வது, பிடிக்காவிட்டால் துள்ளிவிடும் என்றார். முதலில் கறுப்பு, அவசரமில்லை.

ஆனந்தராசா கைபிடியை இழுத்தான். ஓசு ஒருதரம் உதறியது, பிறகு நிறைந்து ஓடியது. பாதியில் உள்ளே போய் நாலு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார் மதாம். அவன் ஊற்றினான். பிறகு சாம்பல்.

இந்தப் பத்து நிமிடமும் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால், தலைவர் நிரலில் இருந்ததைச் செய்தார். ஒன்பது பக்க வரவேற்புரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாசித்தார். மானம் ஒன்றே பெரிதென வாழ்ந்த இனம் நாம் என்ற இடத்தில் ஓசு பலமாகக் கொப்பளித்தது. அவர் நிறுத்தி, அது அடங்கியதும் அதே வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். நிர்வாகசபை கைதட்டியது.

வேலை முடிந்து மதாம் எழுந்து, கையை ஒரு துணியில் துடைத்துவிட்டுத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் இரண்டடி பின்னால் போய், இரு கைகளையும் கூப்பித் தலை தாழ்த்தினார். எங்கள் பண்பாடு என்று நகுலேஸ்வரன் மொழிபெயர்த்தார். நீட்டிய கையை மதாம் ஆனந்தராசாவின் பக்கம் திருப்பினார். அவன் பிடித்துக் குலுக்கினான்.

அந்த மாதச் செய்தி மடலில், தலைவர் முன்னிலையில் தாங்கி திறப்பு விழா கோலாகலமாக நடந்தேறியதாகப் படத்தோடு போட்டிருந்தார்கள். அதே கிழமை ஆனந்தராசாவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒன்றியச் சொத்தைச் சேதப்படுத்தியதால் அவன் ட்ரெய்லரை விட்டு வெளியேற வேண்டும். ஆயினும், குறித்த பணிக்குத் தாம் உரியவரே என்பதை அவர் பலர் முன்னிலையில் நிரூபித்துள்ளதால், தாங்கிப் பரிபாலகராக நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். மேலும், வரும் பொங்கல் விழாவில் சமையல் பகுதிக்குள் வருவதைத் தவிர்த்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

மனோகரி அதை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு சட்டத்தரணியிடம் கொண்டுபோய், சிபாரிசுக் கடிதம் இனிக் கிடையாது, என்ன செய்வது என்று கேட்டாள். அப்படியொரு கடிதத்தை விசாரணையில் ஒருவரும் கேட்பதில்லை என்றார் சட்டத்தரணி. அவள் கடிதத்தை மடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டோனட் கடைக்கு நடந்த நாலு தெருவையும் அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

மெஸ்யூ ஜெரார் திருத்தகத்துக்கு மேலிருந்த இரண்டு அறைகளையும் அவர்களுக்குக் கொடுத்து, ஆனந்தராசாவைத் தன்னிடமே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். தை மாதம் மகள் பிறந்தாள். நல்லம்மா என்று மனோகரியின் தாயின் பெயரை வைத்தார்கள்.

மாசியில் தலைவரின் மனைவியின் தம்பி சிவநேசம் குடும்பத்தோடு வந்திறங்கினார். ட்ரெய்லர் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இப்போது பெட்டியில் இரண்டு பூட்டு; ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது செயலாளரிடம். மூன்று கிழமையில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு காலை தலைவர் தொலைபேசியில் வந்தார். பழையதை மறப்போம் என்றார். மச்சான் ஊரில் பாங்கு முகாமையாளராக இருந்தவர், அவருக்கு இது பழக்கமில்லை என்றார். நீர் கீழே இறங்கி வந்தால் பத்து நிமிட வேலை என்றார். அந்தப் பத்து நிமிடத்தை அவர் சொல்லக் கேட்டது ஆனந்தராசாவுக்கு இதுதான் முதல் தடவை.

"வாறன், ஐயா," என்றான் ஆனந்தராசா. "திறப்பைக் கொண்டு நீங்களும் வாங்கோ. ஓசின்ரை மற்ற முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"நகுலேஸ்வரனை அனுப்பட்டோ?"

"இல்லை. நீங்கள்."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம், தம்பி. நிர்வாகசபையிலை வைச்சுத்தான் சொல்ல ஏலும்."

"வையுங்கோ," என்று சொல்லி ஆனந்தராசா ரிசீவரை வைத்தான்.

தொட்டிலில் பிள்ளை நனைத்துவிட்டு அழுதது. நனைத்தது மட்டுமல்ல. மனோகரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தான் மாற்றுகிறேன் என்று அவளிடம் சைகை காட்டிவிட்டு, அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான்.